ஆட்சேபணை இல்லை என்கிற தாள்

அந்தப் பொன்னாடையை வசுமதிக்குத் தெரியும். போன மாதம் ஓய்வு பெற்ற லைன்மேனுக்குப் போர்த்தியது அதுதான். அதற்கு முன்னால் பொங்கல் போட்டிக்குப் பரிசு கொடுக்க வந்த கண் டாக்டருக்கு, அதற்கும் முன்னால் யாருக்கோ. போர்த்திக்கொண்டவர் மேடையை விட்டு இறங்கியதும் ‘எனக்கெதுக்கு சார் இதெல்லாம், சங்கத்துக்கே இருக்கட்டும்’ என்பார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம் ‘உங்க பெரிய மனசு சார்’ என்று வாங்கி நான்காக மடித்துத் தன் பீரோவில் வைத்துக்கொள்வார், அடுத்த தோள் வரும்வரை அது அங்கே கிடக்கும். துவைத்ததே கிடையாது. ஜரிகை கறுத்துப் போய்விடுமாம். நாலு வருஷத்துக் கழுத்து வியர்வையும் சந்தனமும் பாச்சை உருண்டையும் ஊறிய அந்தத் துணி இப்போது அப்பாவின் மேல் கிடக்கிறது. அப்பா அதன் இரண்டு முனையையும் மார்போடு பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வெளியே வந்தவர் துண்டைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். வசுமதி உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்கு அந்த வாடை வராது, வர வழியே இல்லை, ஆனாலும் வந்தது, மூக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்குத் துணி இல்லை. ஒரு ஜோடிக்கு ஒன்றுதான். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவள் போல, யார் முகத்தையும் பார்க்காமல் மேடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தரை. திருச்சி வயலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித் தென்றல் நகர், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சங்கக் கட்டடம், ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றிலும் ஆள். கேசரியும் வடையும் உண்டு என்று அழைப்பிதழில் போட்டால் வராமல் என்ன செய்வார்கள்.

வங்கியிலிருந்து வந்திருந்த நிர்மல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். வந்ததிலிருந்து எல்லாரையும் அப்பா என்றும் அம்மா என்றுமே கூப்பிட்டான், அவன் வீட்டில் இருப்பவர்களை என்னவென்று கூப்பிடுவானோ. ‘வீட்டை இத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டீங்கப்பா. இனிமே வீடு உங்களைப் பாத்துக்கும்’ என்றான். கை தட்டினார்கள். வசுமதிக்கு அது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. வீடு எப்படிப் பார்த்துக்கொள்ளும். சுவர் நகர்ந்து வந்து அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்குமா, மாடிப்படி இறங்கிப் போய் மருந்துக் கடையில் வரிசையில் நிற்குமா. ஏற்பாடு ஒன்றும் புரியாததில்லை. வீட்டை வங்கியிடம் அடமானமாக எழுதிக் கொடுத்தால், கடன் கட்டுவதற்குப் பதிலாக வங்கி இவர்களுக்கு மாதாமாதம் பணம் போடும், உயிரோடு இருக்கும்வரை இருவரும் அங்கேயே இருக்கலாம், இருவரும் போனபிறகு வாங்கியதை வட்டியோடு கட்டிப் பிள்ளைகள் மீட்டுக்கொள்ளலாம், முடியாவிட்டால் வங்கி விற்றுக்கொள்ளும். ரிவர்ஸ் மார்ட்கேஜ். ‘உங்க காலத்துக்கப்புறம்’ என்று சொல்லும்போதெல்லாம் நிர்மல் கண்ணை லேசாக மூடிக்கொண்டான், சாமி பேரைச் சொல்வது போல. அவன் பார்த்துக்கொள்ளும் என்கிறானே, அது வீடு இவர்களைப் பார்த்துக்கொள்வதில்லை, இவர்கள் வீட்டைத் தின்பது. மாதம் ஒரு கவளம். முதலில் வாசல் கிராதி, அடுத்த மாதம் கூடத்து ஜன்னல், பிறகு சமையல் மேடை, கடப்பைக் கல்லைக் கூட விடாமல், கடைசியில் மேல் மாடி, அதில் இருக்கிற கட்டில், கட்டிலில் இருக்கிற அவள். கட்டினவர்கள் தின்கிறார்கள், உனக்கென்ன வந்தது?

மடியில் சங்கத்தின் மாத இதழ் இருந்தது, நாலு பக்கம், வாசலிலேயே கையில் திணித்துவிட்டார்கள். விசிறிக்கொள்ளத்தான் எல்லோரும் அதை வைத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நகர்ச் செய்திகள்: நாலாவது குறுக்குத் தெருவில் பம்ப் ரிப்பேர், பிளஸ் டூவில் தேறிய மாணவிக்கு வாழ்த்து, சாம்பல் நிறப் பூனையைக் காணோம். மூன்றாம் பக்கத்தில் ‘நமக்கு நாமே குறிப்புகள்’: குக்கர் வளையம் தளர்ந்தால் ஃப்ரீசரில் பத்து நிமிஷம் வைக்கவும், ஊருக்குப் போகிறவர்கள் பால் பாக்கெட்டை நிறுத்திவிட்டுப் போகவும், குவிந்த பாக்கெட் திருடனுக்கு அழைப்பிதழ். முதல் பக்கம் முழுக்க அப்பாவும் அம்மாவும். ‘பிள்ளைகளுக்குப் பாரமாகாத பெற்றோர்! நம் நகரின் முதல் ஜோடி!’ ஓய்வு பெற்ற மில் ஸ்டோர் கீப்பர் திரு. தியாகேசன், வயது எழுபத்தாறு, அவர்தம் துணைவியார் திருமதி கமலவேணி. மகன் பரணிதரன் மெல்போர்னில். மகள் வசுமதி, வெளிநாட்டில் ஆசிரியையாக இருந்து திரும்பியவர், பெற்றோருடன் வசிக்கிறார். திரும்பியவர். ஏதோ செல்லாத காசோலையைப் பற்றிச் சொல்வது போல. பெற்றோருடன் வசிக்கிறார் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறதா இல்லையா, ஞானப்பிரகாசம் எழுதினால் இருக்காது, அவருக்கு அவ்வளவு வராது, ஆனால் படிக்கிறவர்களுக்கு வரும். நாற்பத்தேழு வயசு, புருஷன் எங்கே என்று கேட்க மாட்டார்கள், கேட்காததை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு, ‘நல்லாயிருக்கியாம்மா’ என்பார்கள். இதைவிட அசிங்கம் இன்னொன்று. வங்கியில் இன்னும் கையெழுத்தே ஆகவில்லை. புதன்கிழமைதான் போக வேண்டும். அதற்குள் அச்சடித்து நூற்று நாற்பது வீட்டுக்கும் போட்டாகிவிட்டது. காது குத்துவதற்கு முன்னால் கம்மலைக் காட்டி மொய் வாங்குகிற ஊர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார், ரசத்தைப் பற்றிச் சொல்கிற குரலில். ‘ஞானப்பிரகாசம் ஒரு ஸ்கீம் சொன்னாரு. நல்லாத்தான் இருக்கு.’ அவளும் நல்லாத்தான் இருக்குப்பா என்றாள். உங்க வீடு, உங்க இஷ்டம் என்றாள். அதைச் சொன்ன வாயை அவள் பிறகு மாடிக்குப் போய் இரண்டு தடவை கொப்பளித்தாள். மஸ்கட்டிலிருந்து வந்து மூன்று வருஷம். வந்தபோது மாடி போர்ஷன் காலியாக இருந்தது, குடியிருந்த ரயில்வேக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். ‘உனக்குத்தான்னு விதிச்சிருக்கு’ என்று அப்பா சாவியைக் கையில் வைத்தார். அவள் ஆன்லைனில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள், கரண்டு பில் கட்டுகிறாள், காய் வாங்கிப் போடுகிறாள், தீபாவளிக்கு இருவருக்கும் துணி எடுக்கிறாள், தன்னை நல்ல பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதை இப்போது நினைக்க வேண்டாம். முன்வரிசையில் ஒருவர் காதைக் குடைந்து விரலை நாற்காலிக் கையில் துடைத்தார், அதைப் பார். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை க்ளுக் என்கிறது, அதைக் கேள். ஆம்புலன்ஸில் அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது, வாய் ஒருபக்கம் திறந்து, பல்செட் இல்லாத ஈறு தெரிந்தது, அந்த ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கோர்ட் பக்கம் சிக்னலில் நின்றபோது. வேண்டாம். சிக்னலில் நின்றபோது அவளுக்குள் ஒரு குரல், அவள் குரல்தான், வேறு யாருடையதுமில்லை, சாவதானமாகக் கேட்டது: வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது? ஒரு நொடி. அதற்கு மேல் இல்லை. அப்புறம் அழுதாள், நிஜமாகவே அழுதாள், அட்டெண்டர் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நொடி கரப்பான்பூச்சி ஓடி மறைந்த மாதிரி உள்ளே எங்கேயோ இருக்கிறது, எந்தச் சந்து என்று தெரியவில்லை, விளக்கைப் போட்டால் மீசை மட்டும் அசைகிறது. மற்றவர்கள்மேல் இவ்வளவு அருவருப்பு ஏன் வருகிறது என்று கேட்டால், அந்த மீசையைப் பார்க்காமல் இருக்கத்தான்.

‘இன்னொரு சின்ன விஷயம்’ என்று ஞானப்பிரகாசம் மைக்கை வாங்கிக்கொண்டார். ‘பிள்ளைங்ககிட்டேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வேணும். தம்பி, சட்டத்துல இருக்கா அது?’ நிர்மல், ‘சட்டத்துல இல்லப்பா. பின்னாடி கேஸு கீஸுன்னு வராம இருக்க எங்க பேங்க்ல வாங்கி வச்சுக்குவோம். அது இல்லாம ஃபைல் நகராது’ என்றான். ‘பரணி மெல்போர்ன்லேர்ந்து அனுப்பிடுச்சு’ என்று ஞானப்பிரகாசம் கூட்டத்துக்குச் சொன்னார், ‘லவ் யூ அப்பான்னு எழுதி அனுப்பியிருக்கு. வசு பாப்பா இங்கதான் இருக்கு. பாப்பா, ஒரே ஒரு கையெழுத்து. எல்லாரும் சாட்சியா இருக்கட்டும், அடுத்த இதழ்ல போட்டோ போட்டுடலாம்.’ நாற்பத்தேழு வயசுப் பாப்பா அசையவில்லை. எழுந்து போய் வாங்கியிருக்கலாம், போகவில்லை. அதனால் தாள் அவளிடம் வந்தது, நன்கொடைப் புத்தகம் சுற்றி வருகிற மாதிரி, முதல் வரிசை ஓரத்திலிருந்து கைமாறிக் கைமாறி. வாங்கிய ஒவ்வொருவரும் படித்தார்கள். படிக்காமல் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்பது போல, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உதடு அசைய, எங்கள் பெற்றோர் தங்கள் சுய சம்பாத்தியமான கீழ்க்கண்ட சொத்தை. காது குடைந்த விரல் அதைப் பிடித்தது. யாரோ அதற்குள் வடையைத் தொட்டிருக்க வேண்டும், இரண்டாவது வரிசை தாண்டியபோது ஓரத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு, அதற்குள் அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. கூடவே ஒரு பேனா, மூடியை யாரோ கடித்துக் கடித்து வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். குடும்பத்துக்குள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை இத்தனை விரலும் தொட்டாகிவிட்டது.

கடைசியாக வாங்கியவள் லில்லி டீச்சர், எதிர்வீடு, பக்கத்து நாற்காலி. அவளும் படித்தாள். படித்துவிட்டு உடனே கொடுக்கவில்லை. ‘இதை ஒங்கிட்ட அனுப்பி என்ன பிரயோஜனம். நீ போடப் போறதில்லையே’ என்றாள். ‘யார் சொன்னா?’ என்றாள் வசுமதி. ‘ஒங்கப்பாதான். போன வாரம் பால் பூத்துல வச்சு ஞானப்பிரகாசம் சார்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்கு முழுச் சம்மதம் சார், ஆனா எம்பொண்ணு ஒரு மாதிரி, அவ ஒத்துக்கணுமேன்னு. நாலு பேர் நிக்கறப்பதான் சொன்னாரு.’ லில்லி டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை, முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல் தாழாது. ‘அதான் சாரு ஒன்ன சபையில வச்சே கேட்டுப்புடுவோம்னு பிளான் போட்டுட்டாரு. சபையில மாட்டேன்னு சொல்ல மாட்டேல்ல?’ அவள் தாளைக் கொடுத்தாள். வசுமதி மேடையைப் பார்த்தாள். அப்பா தாளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, பல்செட்டில் மாட்டிவிட்ட சிரிப்பு, அதற்கு மேலே கண் இரண்டும் தனியாக, சிரிப்போடு சம்பந்தமில்லாமல், தலை ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், ஒரு நூல் அளவு அந்தப் பக்கம். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆறு வயசிலிருந்து தெரியும்.

ஆறு வயசில் அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்படித்தான் தலையை ஆட்டுவார், அவள் வாசலில் நின்று சீட்டுக்காரரிடம் ‘அப்பா இல்ல’ என்பாள். வாழ்நாளில் ஒருவருக்கும் முடியாது என்று சொன்னதில்லை அப்பா. மூன்று கம்பெனியின் தண்ணீர் சுத்திகரிப்பான் வீட்டில் உண்டு. மூன்றையும் விற்க வந்தவர்களுக்கு டீயும் கொடுத்தார். வேண்டாம் என்பதை யாராவது சொல்லியாக வேண்டுமே, அதனால் ‘வீட்டுல ஒத்துக்கல சார்’ என்பார், ஊர் முழுக்க அம்மா ராட்சசி. இப்போது அவள் முறை. அவருக்கு இதில் இஷ்டமே இல்லை. பால் பூத்தில் ஞானப்பிரகாசம் தோளில் கைபோட்டுச் சொல்லியிருப்பார், இவர் ‘பேஷா செய்யலாம்’ என்றிருப்பார், மறுநாள் அது அச்சுக்குப் போயிருக்கும். இப்போது இவருடைய நல்ல பேர் கெடாமல் இந்த மேடையிலிருந்து இறங்க ஒரே ஒரு படிதான் இருக்கிறது, அது பேராசை பிடித்த மகள். அடச்சீ. சொந்த மகளை மிதித்து இறங்குகிற கால். பேனாவின் மூடியைக் கழற்றினாள். போட்டுவிடலாம். போட்டுவிட்டால் என்ன ஆகும்? கை தட்டுவார்கள், அடுத்த இதழில் போட்டோ, தங்கமான பெண், எதையும் எதிர்பார்க்காதவள், அப்பா தன் ‘பேஷா’வை மென்று முழுங்கிக்கொண்டு சாகிறவரை இருக்கட்டும், அவளும் ஒருநாள் பெட்டியோடு மாடிப்படி இறங்கிப் போவாள், உத்தமியாக. பேனாவின் முனை தாளில் பட்டது. பட்ட இடத்தில் நீலமாக ஒரு புள்ளி. அந்த உத்தமியைப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அவள்தான் சகிக்க முடியாதவளாக இருந்தாள். பொன்னாடைக்குத் தோளை நீட்டிக்கொண்டு நிற்கிற இன்னொருத்தி. பத்திரம் எந்த அலமாரி என்று கேட்ட குரல் இதைவிடத் தேவலை, அதற்கு வேண்டியது என்னவென்று அதற்காவது தெரிந்திருந்தது.

எழுந்தபோது நாற்காலி முதுகில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கூடவே வந்தது. ‘எனக்குச் சம்மதம் இல்ல’ என்றாள். ஞானப்பிரகாசம் ‘என்ன பாப்பா, சரியா கேக்கல’ என்றார். ‘நான் கையெழுத்துப் போடல. எனக்கு அந்த வீடு வேணும்.’ அப்பா தலையை ஆட்டியதற்காக இல்லை என்று சேர்த்துச் சொல்ல நினைத்தாள், யாரிடம் சொல்வது. எனக்கு வேணும் என்பது கூடத்தில் ஈரத்துணி மாதிரி விழுந்து கிடந்தது. பின்வரிசையில் ஒருவர் ‘கலிகாலம்’ என்றார். இன்னொருத்தி, ‘படிச்ச புள்ளதான்?’ என்றாள். நிர்மல் ‘அக்கா, நீங்க டைம் எடுத்து யோசிங்க, ஒண்ணும் அவசரமில்ல’ என்று மைக் இல்லாமல் சொன்னான், வாயசைவுதான் தெரிந்தது, ஏனென்றால் மைக்கை அப்பா வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ‘பெரியோர்களே. எனக்கும் என் சம்சாரத்துக்கும் முழுச் சம்மதம்தான். ஆனா பெத்த புள்ளையோட கண்ணுல தண்ணி வரவழைச்சு அந்தச் சோத்தைத் திங்கற மனசு எனக்கில்ல. வீட்டுக்கு ஒரு அப்பன் இருக்கான்னா அது எதுக்கு, விட்டுக் குடுக்கறதுக்குத்தானே?’ குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. அவருக்கே தெரியாமல் தழுதழுத்திருக்கலாம். கை தட்டினார்கள். நிர்மல் பேசியபோது தட்டியதைவிட அதிகம். ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ‘இதையும் நாம இதழ்ல போடணும்’ என்றார். அப்பாவின் முதுகு இரண்டு வாரத்துக்குப் பிறகு நிமிர்ந்திருந்தது, நீர்க்கடுப்பு விட்டவர் முதுகு மாதிரி அவ்வளவு நிம்மதியாக. வசுமதி உட்கார்ந்தாள். வலது பக்க நாற்காலி காலியாகிவிட்டிருந்தது. லில்லி டீச்சர் கேசரி வாங்கப் போயிருந்தாள், அல்லது அதற்காகப் போயிருந்ததாகத் தெரிந்தது.

அம்மா மேடையிலிருந்து பக்கவாட்டுப் படி வழியாக ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினாள், யாரும் பிடிக்கவில்லை, எல்லாரும் அப்பாவைச் சுற்றி நின்றார்கள். நேராக வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள். தாளை வசுமதியின் மடியிலிருந்து எடுத்து, எண்ணெய்ப் பொட்டு உள்ளே போகும்படி மடித்து, அதைத் தன் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று வசுமதி நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். அம்மா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, ‘அடுத்த மாசத்துலேர்ந்து மாடிக்கு வாடகை குடு’ என்றாள்.

வசுமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சுட்டது. மூன்று வருஷம். காய், கரண்டு பில், தீபாவளித் துணி. ரயில்வேக்காரர் மாதம் பிறந்தால் கவரில் போட்டு வைத்துவிட்டுப் போவார், வாசல் மேஜையில், அம்மா அதை எண்ணாமல் மருந்து டப்பாவுக்குள் வைப்பாள். அவள் வந்த மாதத்திலிருந்து அந்தக் கவர் இல்லை. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கையெழுத்து வேண்டும் என்று வங்கிக்காரன் கேட்டான், செயலாளர் கேட்டார், தென்றல் நகர் பூரா கேட்டது.

‘எவ்வளவும்மா?’

‘வெளியாளுக்கு என்ன விடுவோமோ அது. லில்லி வீட்டு மாடிக்குப் பதினோராயிரம் வாங்குறா.’

‘முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா.’

‘பெத்த பொண்ணுகிட்ட வாடகை கேக்கறது அசிங்கம்னாரு ஒங்கப்பா. அதுக்கு பேங்குக்காரன் தேவலைன்னாரு.’ அம்மா முழங்காலை நீவிக்கொண்டாள். மேடையில் அப்பா யாரிடமோ பேஷா, பேஷா என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது, எதற்கு என்று தெரியவில்லை, வேறு ஏதோ ஸ்கீமாக இருக்கும். ‘மூணு வருஷமா முட்டிக்கு ஊசி போடலை, தெரியுமா? வலி இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.’

வசுமதி சரி என்றாள்.

‘அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடணும். அவருகிட்ட குடுக்காத, எங்கிட்ட குடு’ என்றாள் அம்மா.